இக்கரையில் நின்றுபோன தாய்மாமன் சீர்

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு, காசிமேட்டிலிருந்து உன் நைனா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், தைலம் தேய்த்துக்கொண்டு விடியற்காலையில் ஏலத்துக்குப் போய்க் கூடையை எடுத்துவிடுகிறாள், வேண்டாம் என்று சொன்னால் அப்ப நீ சோறு ஆக்கி வியாபாரமும் பாக்கறியா என்று கேட்கிறாள், அப்புறம் நானே கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிடுகிறேன். மீன் வரத்து சுமார். வஞ்சிரம் கண்ணில் படுவதே அபூர்வம், காரப்பொடியும் சங்கராவும்தான் வலையில் ஏறுகிறது. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நம் தெரு பிராங்கிளின் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தையும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா நன்றாகக் காய வைத்துத்தான் கட்டியிருக்கிறாள். ரூமில் கூட இருக்கிறவர்கள் மூக்கைப் பிடித்தால் ஒரு கை வறுத்துக் கொடு, மறுநாள் அவர்களே கேட்பார்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அக்கா மகள் ஷாலுவின் காதுகுத்து எப்படி நடந்தது என்று நீ கேட்டபோதெல்லாம் உன் அம்மா நல்லா நடந்துச்சுப்பா என்று சொல்லிப் பேச்சை மாற்றினாள், நைனாவிடம் கொடு என்று நீ சொன்னபோதெல்லாம் நான் வலை பார்க்கிற சாக்கில் வெளியே போய் நின்றுகொண்டேன். உன் முகத்தைப் போனில் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடிய சங்கதி இல்லை இது. எனக்கு வெட்கமாக இருக்கிறது டில்லி. பேத்தி எடுத்த மனுஷன் வெட்கம் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அதற்கு வேறு பேர் தெரியவில்லை. நீ உட்கார வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். மழையாலோ காற்றாலோ இல்லை, என் திமிரால் விட்டேன்.

நீ தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று உன் அக்கா ஜெயஸ்ரீ இரண்டு தரம் நாள் தள்ளினாள், உனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. வருகிற ஜூனில் குழந்தையை ஸ்கூலில் சேர்க்க வேண்டும், இனி தள்ள முடியாது என்று மாப்பிள்ளை மதி வீட்டில் கறாராகச் சொல்லி, தை மாதத்தில் அவர்கள் குலதெய்வம் கோயிலில் நாள் வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. மாமன் ஊரில் இல்லாவிட்டால் அவன் வேட்டியை அவன் அப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது அவன் மடிதான் என்று நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு, நீயும் பார்த்திருப்பாய். அதனால் நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன பட்டு வேட்டியை உன் அம்மா எடுத்து வெயிலில் காட்டி வைத்தாள். ஜெயஸ்ரீ விரும்பிக் கட்டிக்கொண்ட இடம் அது. விம்கோ நகரில் மாதச் சம்பளத்துக்குப் போகிற குடும்பம், கடலுக்குப் போகிறவர்கள் என்றால் சம்பந்தியம்மாவுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும், உனக்குத் தெரியும். அந்தச் சபையில் பொறந்த வீட்டுச் சீர்த் தட்டு முதலில் வந்து இறங்க வேண்டும், உன் பேரில் நான் போய் உட்கார வேண்டும், அதற்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

கோயில் மரக்காணம் தாண்டி ஒரு பெரிய ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. நாள் குறிக்கப் போனபோது மதியும் அவர் அப்பாவும் என்னைப் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள், வழி நெடுக நான் தூங்கிவிட்டேன். ஆனால் போட்டில் வைத்துப் பார்க்கிற அந்தக் கை ஜிபிஎஸ் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நடுக்கடலில் மீன் கூடுகிற பாறைக்கு மேலே நின்று அந்த இடத்தைப் பெட்டியில் பதிந்து புள்ளி வைப்போமே, அதே மாதிரி கோயில் வாசலில் நின்று அம்மனுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். மதியின் அப்பா அது என்ன என்று கேட்டார். இனிமே கண்ணக் கட்டிக்கினு கூட வந்துருவேன் சம்பந்தி, இதுல புள்ளி வெச்சிட்டா தப்பவே தப்பாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, பத்திரிகைக்குப் பின்னாடி வழிப் படம் போடுறோம், எதுக்கும் அதையும் கையில வெச்சுக்குங்க என்றார். சொன்னபடியே பத்திரிகையின் பின்பக்கம் கோடு போட்டு வந்தது, கூட்ரோடு, பெட்ரோல் பங்க், ஸ்கூல், வளைவு, கோயில் என்று ஒரு குழந்தைகூடப் பார்த்துப் போகிற மாதிரி. நான் அதை மடித்து வெற்றிலைத் தட்டுக்கு அடியில் செருகிவிட்டேன். ஊரில் ஒருத்தன் கையிலும் ஜிபிஎஸ் இல்லாத காலத்திலேயே அதைப் பார்த்து போட்டு ஓட்டியவன் நான், எனக்குப் பத்திரிகைப் படமா என்று இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை. டோல்கேட்டுக்குப் போக எது சுருக்கு என்று நம் தெரு ஆட்டோக்காரன்கூடப் போனைத்தான் கேட்கிறான், அது அவனை நேராகக் கொண்டுபோய் மூடின ரயில்வே கேட்டில் நிறுத்துகிறது, அப்போதும் என்னிடம் கேட்க மாட்டான். அந்த எரிச்சலும் உள்ளே இருந்தது.

அன்றைக்கு விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். மதி வீட்டார் பொங்கல் வைக்க முந்தின நாளே போய்விட்டார்கள். நமக்கு மீன் ஏற்றுகிற ரஷீது ஆள் ஏறுகிற வேன் ஒன்று கொண்டுவந்தான். பின்னால் சீர்த் தட்டுகளும் தெருப் பெண்களும், முன் சீட்டில் உன் வேட்டியைக் கட்டிக்கொண்டு நான், மடியில் பெட்டி. ரஷீது முன் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்திருந்தான், அதிலிருந்து ஒரு பெண் குரல் இருநூறு மீட்டரில் திரும்பவும், முன்னூறு மீட்டரில் திரும்பவும் என்று சொல்லிக்கொண்டே வந்தது. எனக்கு அது கல்யாணமான புதுசில் உன் அத்தை புருஷனை அதிகாரம் பண்ணின மாதிரி இருந்தது. மகாபலிபுரம் வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். உன் அம்மா பின்னாலிருந்து, கடல்ல நீ ராஜாவா இருந்துக்கோ, ரோட்ல அந்தப் பொண்ணு பேச்சக் கேட்டுக்கினு சும்மா வா என்றாள், வேனே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது.

மரக்காணம் கூட்ரோட்டில் போன் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. பத்திரிகைப் படத்திலும் வலப்பக்கம்தான். ரஷீது திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் என் பெட்டியில் தூரம் குறைவதற்குப் பதில் ஏற ஆரம்பித்தது. டில்லி, நீ என்னோடு கடலுக்கு வந்தவன், உனக்குப் புரியும். புள்ளிக்குப் போகும்போது தூரம் இறங்கினால் சரியாகப் போகிறோம், ஏறினால் திசை தப்பிவிட்டது. இத்தனை வருஷமாக இந்த ஒரு கணக்கில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். கடலில் குறுக்கே சுவர் இல்லை, ஏரி இல்லை, எவன் வயலும் இல்லை, அம்புக்குறி காட்டுகிற பக்கம் போட்டை விட வேண்டியதுதான். ரோடு அப்படி இல்லை, சேர வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சுற்றிவந்துதான் சேரும் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. தூரம் ஏறுதுடா, வண்டியத் திருப்பு என்று கத்தினேன். ரஷீது பொறுமையாகத்தான் சொன்னான், மாமு, ரோடு சுத்திக்கினு தான் போவும், அப்பால தானா எறங்கும், பேஜாரு பண்ணாத என்று. சின்னப் பையனிலிருந்து நம் வீட்டில் சாப்பிட்டவன், என் பேச்சை மீற மாட்டான், அது தெரிந்துதான் இன்னும் சத்தம் போட்டேன். அவன் திருப்பினான். நான் அவன் போனைப் பிடுங்கி அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் தெற்கே போகப் போகத் தூரம் இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் திரும்பி எல்லோருக்கும் பெட்டியைக் காட்டினேன், பார்த்தீர்களா பார்த்தீர்களா என்று. உப்பளத்துக்கு நடுவே ஒரு மண் ரோடு வலப்பக்கம் பிரிந்தது, அம்பு அந்தப் பக்கம் நேராகக் காட்டியது, அதில் விடச் சொன்னேன். வேன் குலுங்கின குலுங்கலில் பழத் தட்டு கவிழ்ந்து பெண்கள் திட்டினார்கள். தூரம் இறங்கி இறங்கி, இன்னும் ஒரு மைல் என்று காட்டும்போது ரோடு முடிந்துவிட்டது. முன்னால் ஏரி. தை மாதம், மழைத் தண்ணீர் வற்றாமல் கரை தளும்ப நிற்கிறது. அந்தக் கரையில் கோயில் கலர் துணியும் பந்தலும் கண்ணுக்குத் தெரிகிறது, அம்பு சத்தியமாக அதைத்தான் காட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தக் கரையில் நாங்கள். ஒரு ஓடம் இல்லை, ஒரு கட்டுமரம் இல்லை. கடலிலேயே பிறந்து வளர்ந்த நான் ஒரு ஏரிக்கு இந்தப் பக்கம் சீர்த் தட்டோடு நின்றேன்.

அதோடு போயிருந்தால்கூட ஆறிப்போயிருக்கும். அங்கே கட்டியிருந்த ஸ்பீக்கர் சத்தம் தண்ணீர் மேலே தவழ்ந்து துல்லியமாகக் கேட்டது. காதணி விழா காணும் குழந்தையின் தாய்மாமன் சார்பாக வருகை தரும் காசிமேடு திரு பொன்னுரங்கம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும் என்று அழைத்தார்கள். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்ப அழைத்தார்கள். நல்ல நேரம் முடிந்து ராகு காலம் பிறக்கப்போகிறது என்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, இதோ வந்துகினே கீறேன் என்று அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டே உன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். நாலு அடி வைப்பதற்குள் தொடை வரைக்கும் சேறு. உன் அம்மா கரையிலிருந்து, யோவ், ஏறி வாய்யா, செத்துத் தொலையாத என்று அழுதாள். ரஷீதுதான் கையைக் கொடுத்து இழுத்தான். என் பையிலிருந்து போனை எடுத்து ஆன் பண்ணி முன்னால் ஒட்டினான், அந்தப் பெண் குரல் சொன்ன வழியில் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். ரோடு தூரம் போனது, போய்க்கொண்டே இருந்தது. பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை.

போய் இறங்கும்போது பந்தியில் இலை போட்டிருந்தார்கள். ஷாலு அழுது முகம் வீங்கி மதியின் தோளில் கிடந்தாள். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், இடுப்புக்குக் கீழே உன் பட்டு வேட்டி முழுக்கச் சேறு. சம்பந்தியம்மா, நடுக்கடல்ல வழி கண்டுபிடிக்கிறவருக்குக் கோயிலுக்கு வழி தெரியலையா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வண்டி பஞ்சர், எறங்கித் தள்ளினோம், அதான் சேறு என்றேன். எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல நாள்ல இப்படியா டயரை வெச்சுக்கிட்டு வண்டி எடுக்கிறது, அறிவில்ல என்று சம்பந்தி ரஷீதைப் பிடித்துக்கொண்டார். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் என் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஏரிக்கரையில் பட்ட அவமானத்தைவிட அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்ததுதான் பெரிய அவமானம்.

அங்கே நடந்ததை மதிதான் பின்னால் சொன்னார். நேரம் போகிறது என்று மாமன் முறை ஆகிற அவர்கள் ஆள் ஒருத்தரை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயஸ்ரீ விடவில்லை. என் தம்பி எடத்துல வேற ஒருத்தர் உட்கார வாணாம் என்று சொல்லிவிட்டு, தானே மணையில் உட்கார்ந்து குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். பெற்றவள் மடியிலேயே காது குத்தினால் பொறந்த வீட்டில் ஆளில்லாதவள் என்று அர்த்தம். நீயும் நானும் இருக்கும்போது என் மகள் ஆளில்லாதவளாகச் சபையில் உட்கார்ந்தாள். ஆசாரி வலது காதைக் குத்தி முடித்ததும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னொரு காது என் தம்பி வந்து மடி குடுத்தாத்தான் என்றாளாம். அரைகுறையாக விட்டால் சாமி குத்தம் என்று சம்பந்தியம்மா சத்தம் போட்டிருக்கிறார்கள், ஆசாரி ஊசியோடு நின்றிருக்கிறார், அவள் அசையவில்லை. உனக்கு அனுப்பின போட்டோவெல்லாம் எடுத்துப் பார், குழந்தை வலப்பக்கம்தான் காட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் ஏற்பாடுதான் அது.

அதற்குப் பிறகு ஜெயஸ்ரீ என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவோடு பேசிவிட்டுப் போவாள். நான் ரஷீதைத் தேடிப் போய், உன்ன மாட்டி வுட்டுட்டேன்டா என்று சொன்னேன். அத்த வுடு மாமு, ஆனா என் டயரு புதுசு, அத்த மட்டும் அவங்களாண்ட சொல்லிடு என்றான். அவனுக்கு அதுதான் வலித்திருக்கிறது. பல நாள் தயங்கிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு விம்கோ நகர் போனேன். சம்பந்தி, சம்பந்தியம்மா, மதி, ஜெயஸ்ரீ எல்லோரும் இருக்கும்போது நின்றபடியே சொன்னேன், டயரு புதுசு, பஞ்சர் ஆவல, இந்தப் புள்ளதான் சரியா ஓட்டிக்கினு வந்தான், நான்தான் வண்டியத் திருப்பச் சொல்லி ஏரியில கொண்டுபோய் வுட்டேன் என்று. சம்பந்தி ரஷீதின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிச்சுக்கப்பா என்றார், அது எனக்கு இன்னும் சுருக்கென்றது. சம்பந்தியம்மா உள்ளே போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார்கள், எனக்குச் சர்க்கரை குறைவாகப் போட்டு. எனக்குச் சர்க்கரை இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாசல் வரைக்கும் வந்த ஜெயஸ்ரீ அப்போதுதான் வாயைத் திறந்தாள். தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன் நைனா, நீயே சொல்லு, ஆனா போன்ல வாணாம், போன்லன்னா நீ சவுண்டு வுட்டே தப்பிச்சுக்குவ, உன் கையால எழுது என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்து, இது எத்தனாவது தாள் என்று உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள்.

நீயும் அங்கே கம்பெனி வண்டி ஓட்டுகிறாய். போன் சொல்வதைக் கேள், ரோட்டையும் பார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் ஒன்று சொன்னால் அதையும் காதில் வாங்கு. எனக்குத் தெரியும் என்று வாயில் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடி. கோபக்காரன் பிள்ளை நீ, அதனால் சொல்கிறேன். வேட்டியை உன் அம்மா மூன்று தரம் அலசிவிட்டாள், கறை மங்கியிருக்கிறதே தவிரப் போகவில்லை. நீ வேறு வாங்கிக்கொள்ள வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன், அதையாவது செய்ய விடு.

ஸ்கூல் திறந்தால் ஒற்றைக் கம்மலோடு போகும் குழந்தையை மற்றப் பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள், அதற்குள் எப்படியாவது லீவு கேட்டு வா. போன வாரம் ஷாலுவை இரண்டு நாள் இங்கே விட்டிருந்தார்கள். உன் அம்மா தலை வாரிவிடும்போது சீப்பு இடது காதுப் பக்கம் போனது, உடனே அவள் இரண்டு கையாலும் அந்தக் காதைப் பொத்திக்கொண்டாள். இது டில்லி மாமா காது, யாரும் தொடக்கூடாது ஆயா என்றாள். உன்னைப் போனில் தவிர அவள் பார்த்ததில்லை. நான் எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், தலைமேல் கை வைத்ததாக நினைத்து என் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள். லீவு தேதி தெரிந்ததும் எனக்குச் சொல்வதற்கு முன்னால் உன் அக்காவுக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா,
கா. பொன்னுரங்கம்